அமெரிக்காவின் பார்ட்னர் சர்வீசஸ்: சேவை நல்லது, படிவத்தில்தான் கவனம்

எச்.ஐ.வி. பாசிட்டிவ் என்று முடிவு வந்ததும் மாநில அல்லது கவுன்டி (மாவட்டம் போன்றது) சுகாதாரத் துறை ஊழியர் தொடர்புகொள்வார். இந்தச் சேவைக்குத்தான் பார்ட்னர் சர்வீசஸ் என்று பெயர். உடலுறவுத் துணைகள், ஊசி பகிர்ந்தவர்கள் யார் யார் என்று கேட்டு, அவர்களைத் தேடிப்போய்ப் பரிசோதனைக்கு அழைப்பார். உங்கள் பெயரை அவர்களிடம் சொல்லமாட்டார். இதுவரை குறையில்லை. அந்தத் துணை உங்களோடு மட்டும் பழகியவர் என்றால் எளிதாக ஊகித்துவிடுவார். அதற்கு எந்தத் துறையிடமும் மருந்தில்லை.

வில்லங்கம் கையெழுத்தில். "எச்.ஐ.வி. நிலையைச் சொல்லாமல் உறவுகொண்டால் குற்றம் என்று எனக்கு விளக்கப்பட்டது" என்ற படிவத்தைச் சில மாநிலங்களில் நீட்டுகிறார்கள். நாளை வழக்கு வந்தால், 'தெரிந்தே செய்தார்' என்று காட்ட அரசுத் தரப்புக்கு அந்த ஒரு தாள் போதும். ஆலோசனை சொல்லும் மேசையே சாட்சியமும் தயாரித்தால், துணைகளின் பெயரை யார் வாய்திறந்து சொல்வார்?

கையெழுத்திட்டால் நகல் வாங்குங்கள். கோர்ட் ஆணை வந்தால் எந்தப் பதிவுகள் வெளியே போகும் என்று அங்கேயே கேளுங்கள். துணையிடம் நிலையைச் சொன்ன மெசேஜை அழிக்காதீர்கள். வாய்மொழியாகச் சொன்னதை நிரூபிப்பது பெரும்பாடு. வைரல் லோட் (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) ரிப்போர்ட்களைத் தேதிவாரியாக வையுங்கள். அது மில்லிலிட்டருக்கு 200 வைரஸ் நகல்களுக்குக் கீழே நீடித்தால் உடலுறவில் பரவாது. பழைய சட்டங்கள் பலவற்றுக்கு இது தெரியாது.

இல்லினாய் மாநிலம் 2021-ல், எச்.ஐ.வி. உள்ளவர்களைக் குற்றவாளியாக்கும் தன் சட்டத்தை நீக்கியது. அங்கே இந்தச் சேவைக்கு ஐந்துக்கு நாலரை மதிப்பெண். அப்படிப்பட்ட சட்டம் இன்னும் நிற்கும் மாநிலங்களில் மூன்றுக்கு மேல் தர மனமில்லை.