முன்பக்கத்து முள்ளைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள்

50 சுருட்டு கொள்ளும் புது ஹியூமிடார் (சுருட்டு உலராமல் காக்கும் மரப்பெட்டி) வாங்கிய நண்பர் ஒருவர் கேட்டார்: "ஒரு வாரமா உள்ளே தண்ணி வெச்சிருக்கேன், ஈரப்பதம் காட்டுற முள்ளு 58-ஐத் தாண்டவே மாட்டேங்குது. ஈரத்துணியால உள்ளே ஒரு தடவை துடைச்சு விட்டுடவா?"

வேண்டாம். பெட்டியின் ஈரப்பதம் அநேகமாக 70 சதவீதத்தை எப்போதோ தாண்டியிருக்கும், முள்தான் பொய் சொல்கிறது. உள்ளே சீடர் பலகை, மூடியில் ஈரமூட்டி, முன்பக்கத்தில் பித்தளை வளையத்தோடு பதித்த ஹைக்ரோமீட்டர் (ஈரப்பதமானி) என்று இதே அமைப்பில் உள்ள பெட்டியைத்தான் நானும் நெடுநாளாகப் புழங்குகிறேன். கீல், பூட்டு, தட்டு எதிலும் குறை கிடையாது. என் கோபம் முழுக்க அந்த வட்ட முள்மானியின் மேல்தான்.

அதற்கு முன் மரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உள்ளே இருக்கும் ஸ்பானிஷ் சீடர் என்பது மஹோகனி, வேம்பு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த மரம். ஈரத்தை நிறையக் குடிக்கும், காற்று வறண்டால் மெதுவாகத் திருப்பிக் கொடுக்கும். பெட்டியின் மதிப்பே இந்தக் குணத்தில்தான் இருக்கிறது. ஆனால் புதுப் பெட்டியின் பலகை நன்றாக உலர்த்தப்பட்டு வருவதால், பதப்படுத்தாமல் சுருட்டை அடுக்கினால் மரம் முதலில் சுருட்டின் ஈரத்தைத்தான் உறிஞ்சும். பற்றவைக்கும் முனையில் மேலிலை மெல்லிய கோடாக வெடிப்பது அதன் முதல் அடையாளம்.

பதப்படுத்த நான் பரிந்துரைப்பது 84 சதவீத போவேடா பாக்கெட், அதாவது மூடிய பெட்டியின் ஈரப்பதத்தைத் தன்மேல் அச்சிட்ட எண்ணில் நிறுத்தப் பார்க்கும் சிறு பை. 25 சுருட்டுக் கொள்ளளவுக்கு 60 கிராம் பாக்கெட் ஒன்று, 50 சுருட்டுப் பெட்டிக்கு இரண்டு. தட்டையும் தடுப்புப் பலகையையும் உள்ளேயே விட்டு, மூடி, 14 நாள் திறக்காமல் வையுங்கள். சுருட்டு ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. பாக்கெட் கிடைக்காதவர்கள் சிறு கண்ணாடிக் குவளையில் டிஸ்டில்ட் வாட்டரை ஊற்றி, அடியில் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து உள்ளே வைக்கலாம். மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் வரை ஆகும். நம்பகமான மீட்டர் 80-ஐத் தொட்டதும் குவளையை எடுத்துவிட்டு, 70-க்கு இறங்கும்வரை காலியாகவே மூடி வையுங்கள். குழாய்த் தண்ணீர் கூடாது. ஈரமூட்டியிலும் அதை ஊற்றாதீர்கள், அதன் உப்புகள் உள்ளிருக்கும் ஸ்பாஞ்சின் துளைகளை அடைக்கும்.

ஈரத்துணியால் துடைக்கும் பழைய முறையை நான் கடுமையாக எதிர்க்கிறேன். மேற்பரப்பு மட்டும் ஒரேயடியாக நனைந்து உப்பும், உள்மரம் உலர்ந்தே கிடக்கும். ரேகை எழும்பிச் சொரசொரக்கும், பலகை வளையும். மூடியின் உதட்டுப் பலகை அரை மில்லிமீட்டர் வளைந்தாலே போதும், அந்தப் பெட்டி அதற்குப் பிறகு ஒழுங்காக மூடாது.

இப்போது அந்த முள். உள்ளே இருப்பது ஈரம் பட்டால் விரியும் ஒரு சுருள், அதன் நுனியில் முள். மலிவான சுருள் 5 முதல் 10 சதவீதம் வரை தவறாகக் காட்டுவது சர்வசாதாரணம். போதாததற்கு அச்சில் உரசி நின்றுவிடும், விரலால் தட்டினால் நகரும். இப்படித் தட்டினால் நகரும் முள்ளைப் பார்த்து ஒருவர் தண்ணீர் ஊற்ற, மரம் ஊறி, இரண்டு வாரத்தில் சுருட்டின் மேல் பூஞ்சணம் பூக்கிறது. பழி மரத்தின் மேல் விழுகிறது. இது நியாயமே இல்லை.

எந்த மீட்டரானாலும் முதலில் உப்புச் சோதனை செய்யுங்கள். ஒரு பாட்டில் மூடி நிறையச் சமையல் உப்பை எடுத்து, சில சொட்டு டிஸ்டில்ட் வாட்டர் விட்டுக் குழையுங்கள். ஈர மணல் பதம் வேண்டும். உப்பு முழுவதும் கரைந்துவிட்டால் சோதனை செல்லாது. அதையும் மீட்டரையும் காற்றுப் புகாத பையில் சேர்த்து மூடி ஒரு நாள் விடுங்கள். உப்புக் குழம்பின் மேலுள்ள காற்று 75 சதவீதத்தில் நிற்கும், அறையின் சூடு சற்று ஏறி இறங்கினாலும் இந்த எண் பெரிதாக மாறாது. மீட்டர் 72 காட்டினால் 3 கூட்டிப் படியுங்கள். டிஜிட்டல் மீட்டரில் இந்த வித்தியாசம் பெரும்பாலும் ஒரே அளவில் நிற்கும். முள் மீட்டரைப் பின்புறத் திருகால் சரிசெய்யலாம், ஆனால் சில மாதத்தில் மறுபடி நழுவும். அதே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் கருவி எனக்குத் தேவையில்லை.

தப்பான எண்ணையாவது பொறுத்துக்கொள்ளலாம். அதைப் பதிக்க முன்பலகையில் போட்டிருக்கும் துளையைப் பொறுத்துக்கொள்ளவே முடியாது. நாலு பக்கமும் இழைத்துப் பொருத்தி, மூடியைக் கைவிட்டால் காற்றை மெத்தையாக்கிக்கொண்டு மெதுவாக இறங்கும் அளவுக்கு நேர்த்தியாகச் செய்த பெட்டியில், ஓர் அலங்காரத்துக்காக வட்டமாக ஓட்டை போடுகிறார்கள். எரியும் சிறு டார்ச்சை உள்ளே வைத்து மூடி, இருட்டறையில் பாருங்கள். மூடியின் விளிம்பில் வெளிச்சம் தெரியாது, மீட்டரைச் சுற்றி மெல்லிய பிறையாகத் தெரியும். ஈரம் போவது அந்த வழியாகத்தான். மீட்டரை வெளியே இழுத்து, அதன் உடலைச் சுற்றி டெஃப்லான் டேப்பை இறுக்கமாக நாலைந்து சுற்று சுற்றித் திரும்ப அழுத்துங்கள், கசிவு பெருமளவு நிற்கும். பிறகு அதை முகப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு, உப்புச் சோதனை செய்த டிஜிட்டல் மீட்டரைச் சுருட்டுகளின் நடுவே வையுங்கள்.

சுருட்டை அடுக்கும்போது 84 பாக்கெட்டை எடுத்துவிட்டு 69 வையுங்கள், கணக்கு அதேதான். கசிவை நிறுத்த முடியாத பெட்டிக்கு 72. முதல் சில நாள் எண் 64, 65-க்கு இறங்கினால் பதறாதீர்கள், வறண்டு வந்த சுருட்டுகள் பங்கு கேட்கின்றன. பாக்கெட் இருக்கும்போது மூடியிலுள்ள ஸ்பாஞ்சை நனைக்க வேண்டாம். ஒன்று விடுவதை மற்றது உறிஞ்சி, பாக்கெட் உப்பித் தொலையும். பாக்கெட் விறைத்து உள்ளே கட்டி தட்டினால் மாற்றும் நேரம். முக்கால் பெட்டிக்கு மேல் நிரப்பினால் காற்று சுற்றாது.

வெப்பம் 24, 25 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பெட்டியை வைத்தால் புகையிலை வண்டின் முட்டை பொரிக்கும். மேலிலையில் ஊசி குத்தியதுபோல் ஓட்டை தெரிந்தால் எல்லாச் சுருட்டையும் பையில் கட்டி மூன்று நாள் ஃப்ரீஸரில், ஒரு நாள் ஃப்ரிட்ஜில் வைத்துப் பிறகு வெளியே எடுங்கள். நேரே வெளியே எடுத்தால் மேலிலை வெடிக்கும்.

இவ்வளவு செய்தபின் என் பெட்டி 68, 69-ல் நிற்கிறது, மூடியைத் திறந்தால் வரும் சீடர் மணம் எந்தப் பிளாஸ்டிக் டப்பாவிலும் வராது. இருந்தும், இதை வாங்கலாமா என்று கேட்டால் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். முன்பலகையில் துளையில்லாத பெட்டி கிடைக்கும்வரை, ரப்பர் விளிம்பு வைத்த காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு சீடர் தகடும் ஒரு 65 பாக்கெட்டும் போட்டுச் சுருட்டை வையுங்கள்.