தேதிக்கு மேல் தேதி ஒட்டிய சால்டர் பேஸ்ட்: ₹14,400 போச்சு

சற்று முன்புதான் மெசேஜ் வந்தது, உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று. யார் தீர்த்தது? என் ₹14,400 எங்கே? சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கொடுங்கையூரில் சின்ன யூனிட் வைத்து எல்இடி விளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற டிரைவர் போர்டு அசெம்பிள் செய்கிறேன், நானும் இரண்டு பையன்களும். பாகங்களை போர்டில் பற்றவைக்கிற சால்டர் பேஸ்ட் வழக்கமாக வாங்குகிற கடையில் இல்லை. அவசரத்துக்கு, எந்த வியாபாரியும் கடை போடக்கூடிய ஒரு மொத்த விற்பனை ஆப்பில் தேடினேன். 63/37 ஈயப் பேஸ்ட் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்), அரைக் கிலோ டப்பா ₹3,600, நாலு எடுத்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. விற்கிறவருக்குப் போன் போட்டு, எந்த மாதச் சரக்கு, ஃப்ரிட்ஜில்தான் இருக்கிறதா என்று கேட்டேன். உடனே வீடியோ அனுப்பினார்: கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜ், உள்ளே வரிசையாக டப்பாக்கள், மேலே 5 டிகிரி என்று சிவப்பு எண். “அண்ணே, நம்மகிட்ட ஐஸ் பேக் இல்லாம ஒரு டப்பா வெளிய போகாது, நம்பி வாங்குங்க” என்றார். அந்த ‘அண்ணே’வில் விழுந்தேன். முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்டினேன்.

பார்சல் மாதவரம் கூரியர் கிடங்கில் மூன்று நாள் கிடந்தது, அதுவும் மே மாத வெயிலில். இந்தச் சாமானை 2 முதல் 10 டிகிரிக்குள் வைத்தால்தான் ஆறு மாதமாவது தாங்கும். சூட்டில் விட்டால் ஃப்ளக்ஸும் (ஈயம் நன்றாகப் பிடிக்க உதவுகிற பசை) ஈயத் தூளும் டப்பாவுக்குள்ளேயே வேலையைத் தொடங்கிவிடும். பெட்டிக்குள் ஐஸ் பேக் என்று ஒரு தண்ணீர்ப் பை இருந்தது, மூட்டுவலிக்கு ஒத்தடம் கொடுக்கலாம், அவ்வளவு சூடு. அப்போதே திருப்பியிருக்க வேண்டும். போர்டு கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டதால் வாங்கி வைத்துவிட்டேன்.

பேஸ்டுக்கென்றே தனி ஃப்ரிட்ஜ் வைத்திருக்கிறேன் (வீட்டில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் ஈயத்தை வைக்கிற ஆட்கள் உண்டு, தயவுசெய்து வேண்டாம்). மறுநாள் விடியற்காலையில் எடுத்து, மூடியைத் திறக்காமல் நாலு மணி நேரம் வெளியே வைத்தேன். சில்லென்று இருக்கும்போதே திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே படிந்து, பேஸ்டை உருக்குகிற ஓவனில் தெறிக்கும். அப்புறம் திறந்தால், ஊறுகாய் மேல் எண்ணெய் நிற்கிற மாதிரி ஃப்ளக்ஸ் பழுப்பாகப் பிரிந்து நிற்கிறது. நல்ல பேஸ்ட் ஸ்பாட்டுலாவிலிருந்து கெட்டித் தயிர் போல வழுக்கி விழும். இது எவ்வளவு கலக்கியும் டைல்ஸ் ஒட்டுகிற சிமெண்ட் மாதிரி கட்டியாகவே நின்றது. அவசரம், ஸ்டென்சிலில் (துளையிட்ட தகடு) இழுத்து ஓவனிலும் ஓட்டிவிட்டேன். லென்ஸில் பார்த்தால், பாகத்தின் கால் உட்காருகிற பேடைச் சுற்றிக் கடுகு சிதறின மாதிரி ஈயக் குண்டுகள், பாதி இடத்தில் உருகி ஒன்றுசேராமல் திராட்சைக் கொத்தாக நிற்கிறது. 60 போர்டில் தேறியது 11.

டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். தேதி ஸ்டிக்கரின் ஓரம் தூக்கியிருந்தது. நகத்தால் உரித்தால் அடியில் இன்னொரு தேதி, காலாவதியாகி 9 மாதம். நாலு டப்பாவும் அப்படியே.

போன் செய்தேன். ‘அண்ணே’ போய் ‘சார்’ வந்துவிட்டது. “உங்க ஓவன் டெம்பரேச்சர் செக் பண்ணுங்க சார்.” சரி என்று, பழைய டப்பாவில் மிச்சமிருந்த பேஸ்டை அதே ஓவனில் ஓட்டினேன், 183 டிகிரியைத் தாண்டியதும் பளபளவென்று உருகி ஓடியது. வீடியோ எடுத்து அனுப்பினேன். ப்ளூ டிக் வந்தது, பதில் வரவில்லை. ஆப்காரர்கள் அதைவிட மோசம், சீல் உடைக்காத போட்டோ கேட்டார்கள். சீல் உடைக்காமல் உள்ளே கெட்டுப்போனது எப்படித் தெரியும்? திறந்த பொருளுக்கு ரிட்டர்ன் இல்லையாம். மூன்று பேர் மாறி மாறி 48 மணி நேரம் அவகாசம் கேட்டார்கள், இன்று ‘தீர்க்கப்பட்டது’. ₹14,400க்கு ஒரு மன்னிப்புகூட இல்லை.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். தேதியை விரலால் தடவிப் பாருங்கள். ஐஸ் பேக் சூடாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். முழுப் பணமும் முன்னால் கட்டாதீர்கள், எவன் அண்ணே என்றாலும்.

மீதி 49 போர்டையும் சால்டரிங் அயர்ன் வைத்து ஒவ்வொரு பேடாகத் திருத்த வேண்டும். ராயபுரம் பார்ட்டி இரண்டு தடவை போன் அடித்துவிட்டார், இன்னும் எடுக்கவில்லை.