பத்து நொடித் தொடர்புக்கும் ஒரு கார்டு: என் கியூஎஸ்எல் அனுபவம்

ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலித் தொடர்பு) உரிமம் கிடைத்த அடுத்த வருடமே சிக்யூ வேர்ல்டுவைட் காண்டெஸ்ட் என்ற உலகளாவிய தொடர்புப் போட்டியில் இறங்கிவிட்டேன். பன்னிரண்டு வருடமாகிறது. அக்டோபரின் கடைசி முழு வார இறுதியில் பேச்சு, நவம்பரில் மோர்ஸ். ஒவ்வொன்றும் 48 மணி நேரம். நமக்குச் சனிக்கிழமை காலை 5:30க்குத் தொடங்கும். "ஐந்து ஒன்பது, இருபத்திரண்டு" என்று சிக்னல் அறிக்கையும் மண்டல எண்ணும் சொன்னால் தொடர்பு முடிந்தது. பத்து நொடிகூட ஆகாது.

இதற்குப் போய்க் கியூஎஸ்எல் கார்டு (தொடர்பு நடந்ததை உறுதிசெய்து அனுப்பும் அட்டை) எதற்கு என்றுதான் முதலில் நினைத்தேன். போட்டிப் புள்ளிக்கு லாக் (தொடர்புகளின் பதிவேடு) போதும். நடத்துபவர்கள் இரு பக்க லாகையும் ஒப்பிட்டுக்கொள்வார்கள். ஆனால் மறுமுனைக்காரருக்கு, பல நாடுகளுடன் தொடர்புகொண்டதற்கான டிஎக்ஸ்சிசி விருதுக்கு 100 நாடுகள் உறுதிப்பட வேண்டும். அதில் இந்தியா என் கார்டுக்காகக் காத்திருக்கலாம்.

முதல் வருட லாக் கையால் எழுதியது. ஞாயிறு விடியற்காலை மூன்று மணிக்குப் பேசியதைக் கார்டில் ஞாயிறு தேதியிலேயே எழுதிவிட்டேன். கார்டில் எழுத வேண்டிய யுடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் அது சனி இரவு 21:30. ஒரு ஜெர்மன் நண்பர், "என் லாகில் இல்லை" என்று கார்டைத் திருப்பி அனுப்பினார். அடித்துத் திருத்திய கார்டு விருதுக்குச் செல்லாது. அதனால் புதிதாக எழுதி, வருத்தமும் தெரிவித்து அனுப்பினேன். இப்போதும் தேதி எழுதும்போது ஒரு நிமிடம் பேனாவை நிறுத்திச் சரிபார்க்கிறேன்.

கார்டின் மூலையில் பிஎஸ்இ, டிஎன்எக்ஸ் என்று இரண்டு கட்டம் இருக்கும். முன்னது "கார்டு அனுப்புங்கள்", பின்னது "உங்கள் கார்டு வந்தது, நன்றி". பதில் அனுப்பும்போது பின்னதில் டிக் போடுங்கள். இல்லாவிட்டால் அவர் இன்னொரு கார்டு அனுப்புவார். தபால் செலவு அவருக்கும் பணம்தானே. உறையின் மேல் கால் சைன் (நிலையத்தின் அடையாளக் குறி) எழுதவே கூடாது. உள்ளே பதில் தபால் செலவுக்கான டாலர் இருக்கும் என்று ஊகித்துப் பிரிப்பவர்கள் வழியில் இருக்கிறார்கள். எனக்கே ஓரம் கிழிந்த வெற்று உறை வந்திருக்கிறது.

கார்டுகளை மொத்தமாக வாங்கிப் பிரித்து அனுப்பும் பீரோ வழி மலிவு, ஆனால் நான்கு வருடம் கழித்துக்கூடக் கார்டு வரும். அவசரத்துக்கு, இணையத்திலேயே தொடர்பை உறுதிசெய்யும் லாக் ஆஃப் தி வேர்ல்டுதான் (2003லிருந்து இருக்கிறது). அதற்குத் தேவையான டிஜிட்டல் சான்றிதழுக்கு உரிம நகல் அனுப்பிக் காத்திருந்தது அலுப்புதான். ஆனால் அதன்பின் போட்டி முடிந்த திங்கள் மாலையே மொத்த லாகையும் ஏற்றிவிடுகிறேன். இதைக்கூடச் செய்யாதவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

அப்புறம் ஒன்று. பைல்-அப் (ஒரே நிலையத்தைப் பலர் ஒன்றாக அழைக்கும் நெரிசல்) நடுவே "கார்டு எந்த வழி?" என்று கேட்காதீர்கள். பின்னால் ஐம்பது பேர் காத்திருப்பார்கள். கியூஆர்இசட் இணையதளத்தில் உள்ள தங்கள் பக்கத்தில் பெரும்பாலும் எழுதியே வைத்திருப்பார்கள்.

தாங்கள் பேசாமல், எங்கள் தொடர்புகளைக் காதால் கேட்க மட்டும் செய்யும் நேயர்களின் கார்டுகளுக்கும் பதில் போடுகிறேன். போன மாதம் ஜப்பானிலிருந்து ஒரு நேயர் கார்டு வந்தது. 15 மீட்டர் அலைவரிசையில் நான் பேசிய மூன்று நிலையங்களின் கால் சைனையும் நேரத்தோடு, பென்சிலால் பொடி எழுத்தில் வரிசையாக எழுதியிருந்தார். மூன்றும் என் லாகோடு அப்படியே பொருந்தின. அவருக்கான கார்டு மேசைமேல் இருக்கிறது, நாளைக்குத் தபாலில் சேர்க்க வேண்டும்.