படங்களை மென்பொருளிலிருந்தே ஏற்றுவதா, கோப்புறையில் இறக்கி உலாவி வழியே ஏற்றுவதா?

நெடுநாளாக நான் படங்களை இரண்டு கட்டமாகவே இணையத்தில் ஏற்றிவந்தேன். லைட்ரூம் (இன்றைய லைட்ரூம் கிளாசிக்) என்ற படத்திருத்த மென்பொருளில் திருத்தி முடித்ததும் அவற்றை ஜேபெக் கோப்புகளாக ஒரு கோப்புறைக்குள் எக்ஸ்போர்ட் செய்வேன். பிறகு உலாவியைத் திறந்து, படப்பகிர்வுத் தளத்தின் பதிவேற்றப் பக்கத்தில் அவற்றை மொத்தமாக இழுத்துப் போடுவேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அந்த முறையை விட்டுவிட்டு, மென்பொருளுக்குள்ளிருந்தே நேரடியாகப் பதிவேற்றும் முறைக்கு மாறினேன். இரண்டு வழிகளிலும் சில ஆயிரம் படங்களை ஏற்றிப் பார்த்தவன் என்ற முறையில் எழுதும் இந்த அலசலில் என் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை மறைக்கப்போவதில்லை. ஏற்றிய படத்தை மறுபடியும் தொட்டுத் திருத்தும் பழக்கம் உள்ளவருக்கு நேரடிப் பதிவேற்றமே நல்லது. ஏற்றியதை அத்தோடு மறந்துவிடுபவருக்குப் பழைய முறையே போதும்.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு முறைகளிலும் அதே ஜேபெக் கோப்பு அதே இணைய இணைப்பின் வழியாகத்தான் போகிறது. எக்ஸ்போர்ட் முடியும்வரை காத்திருந்து உலாவிக்குத் தாவும் அந்தச் சில நிமிடங்கள் மிச்சமாகின்றன என்பது உண்மைதான் என்றாலும், அதற்காக மட்டும் ஒருவர் பழகிய முறையை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. படத்தின் தரத்திலும் வேறுபாடு இல்லை. நீளப் பக்கம் 2048 பிக்சல், நிறவெளி எஸ்ஆர்ஜிபி, ஜேபெக் தரம் 80க்கு மேல் என்று எந்த அமைப்பை வைத்தாலும் இரு வழியிலும் ஒரே கோப்புதான் உருவாகிறது.

ஒப்பிடுவதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். நேரடிப் பதிவேற்றம் என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு வசதிகள் புழங்குகின்றன. டிஜிகேம் மென்பொருளில் ஃபிளிக்கர், ஸ்மக்மக், பிவிகோ போன்ற தளங்களுக்குப் படங்களை அனுப்பும் வசதி இருக்கிறது. டார்க்டேபிள் என்ற இன்னொரு மென்பொருளில் பிவிகோவுக்கு அனுப்பலாம். ஆனால் இவை கடிதத்தைத் தபால் பெட்டியில் போடுவதைப் போன்றவை. போட்டதோடு மென்பொருளின் பொறுப்பு முடிந்துவிடுகிறது. எந்தப் படம் போனது, போன பின் நாம் அதில் என்ன மாற்றினோம் என்ற கணக்கை அது வைத்துக்கொள்வதில்லை. லைட்ரூமில் 2010ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்போடு வந்த ‘பப்ளிஷ் சர்வீசஸ்’ (வெளியீட்டுச் சேவைகள்) வேறு வகையானது. அது அனுப்பிய பிறகும் அந்தப் படத்தோடு தொடர்பை விடாமல் வைத்திருக்கிறது. டிஜிகேமையும் டார்க்டேபிளையும் நான் சில வாரங்களே பயன்படுத்தியிருக்கிறேன் என்பதால் அவற்றின் மற்றத் திறன்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அவற்றின் பதிவேற்ற வசதி உலாவி வழிக்கு ஒரு குறுக்குப்பாதை என்பதற்கு மேல் எனக்குப் பயன்படவில்லை என்பதை மட்டும் சொல்லலாம். இனி நேரடிப் பதிவேற்றம் என்று நான் எழுதுவதெல்லாம் தொடர்பை விடாத அந்த இரண்டாவது வகையைத்தான் குறிக்கும்.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். படத்தை ஏற்றுவது ஒரு நாள் வேலை; ஏற்றிய படத்தைச் சரியான நிலையில் வைத்திருப்பது ஆண்டுக்கணக்கில் நீளும் வேலை. ஏற்றி மூன்று நாள் கழித்து அடிவானக்கோடு லேசாகச் சாய்ந்திருப்பது கண்ணில் படும். குழாய் விளக்கு வெளிச்சத்தில் எடுத்த குழுப்படத்தில் எல்லோர் முகத்திலும் பச்சை ஏறியிருப்பதை வேறொரு திரையில் பார்க்கும்போதுதான் உணர்வோம். மென்பொருளின் புதிய பதிப்பு வரும்போது அதில் இருக்கும் இரைச்சல் (இருட்டில் எடுத்த படங்களில் தெரியும் புள்ளிகள்) நீக்கும் வசதி மேம்பட்டிருக்கும். பழைய இரவுப் படங்களை மீண்டும் எடுத்துத் திருத்தத் தோன்றும். இப்படித் திருத்திய ஒவ்வொரு முறையும் எழும் கேள்வி ஒன்றுதான்: இணையத்தில் இப்போது இருப்பது எந்தப் பதிப்பு?

கோப்புறை முறையில் இந்தக் கேள்விக்கு விடை என் தலைக்குள் மட்டுமே இருந்தது, அதுவும் அரைகுறையாக. என் எக்ஸ்போர்ட் கோப்புறை ஒன்றில் 4127 என்ற எண்ணுள்ள ஒரே படத்துக்கு நான்கு கோப்புகள் இருந்தன: வெறும் 4127, 4127-2, 4127-புதியது, 4127-கடைசி. கடைசி என்று பெயரிட்ட கோப்பின் தேதியைவிடப் புதியது என்று பெயரிட்ட கோப்பின் தேதி ஆறு வாரம் பிந்தியது. தளத்தில் இருப்பது எது என்று அறிய, அந்தப் படத்தை முழு அளவில் பதிவிறக்கி, நான்கு கோப்புகளோடும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வலது ஓரத்தில் இருக்கும் மரக்கிளை வெட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. தளத்தில் இருந்தது 4127-2. ஒரு படத்துக்கே இவ்வளவு என்றால் ஆயிரம் படங்களுக்கு எவ்வளவு என்று எண்ணிப் பார்த்த அன்றுதான் முறையை மாற்றும் எண்ணம் வந்தது.

நேரடிப் பதிவேற்றத்தில் அதே கேள்விக்கான விடை திரையிலேயே இருக்கிறது. லைட்ரூமில் வெளியீட்டுத் தொகுப்பு (ஒரு தளத்துக்கு அனுப்பவென்று சேர்த்து வைத்த படங்கள்) ஒன்றைத் திறந்தால் படங்கள் அவற்றின் நிலைக்கு ஏற்பப் பிரிந்து நிற்கும்: இனிமேல் ஏற்ற வேண்டிய புதிய படங்கள், ஏற்றிய பின் மாற்றப்பட்டதால் மறுபடி ஏற்ற வேண்டியவை, தளத்திலிருந்து நீக்கப்படக் காத்திருப்பவை, ஏற்கெனவே ஏற்றப்பட்டு அப்படியே இருப்பவை. சாய்ந்த அடிவானத்தை நிமிர்த்தினால், அந்தப் படம் தானாகவே நான்காம் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு இடம் மாறிவிடுகிறது. நான் எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கோப்புக்குப் பெயர் சூட்டும் சங்கடமும் இல்லை. வெளியீட்டுப் பொத்தானை அழுத்தும்வரை தளத்தில் எதுவும் மாறுவதில்லை என்பதால், ஒரு வாரத் திருத்தங்களைச் சேர்த்து வைத்து ஒரே தடவையில் அனுப்பலாம். இணைப்பு நடுவில் அறுந்து 180 படங்களில் 112 மட்டும் போய்ச் சேர்ந்தாலும், மீதி 68 படங்கள் புதிய படங்களின் பிரிவில் அப்படியே காத்திருக்கும். உலாவியில் இதே விபத்து நேர்ந்தபோதெல்லாம் எது போனது, எது போகவில்லை என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதற்கே ஒரு மாலை நேரம் கழிந்திருக்கிறது.

தொடர்பை விடாத இந்தக் குணமே ஒரு முறை என்னைக் கவிழ்க்கவும் செய்தது. குறிச்சொல் ஒன்றில் எழுத்துப்பிழை இருப்பதைக் கண்டு, அதை லைட்ரூமில் ஒரே இடத்தில் திருத்தினேன். அந்தக் குறிச்சொல்லைத் தாங்கிய 300க்கும் மேற்பட்ட படங்கள் ஒரே நொடியில் மறுபடி ஏற்ற வேண்டியவற்றின் பிரிவுக்குத் தாவின. ஒரு பிக்சல்கூட மாறாத படங்கள் அவை. நானும் யோசிக்காமல் வெளியீட்டுப் பொத்தானை அழுத்திவிட்டேன். அப்போது நான் இலவசக் கணக்கு வைத்திருந்த தளத்தில், மறுபதிவேற்றம் என்பது பழைய படத்தை நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றுவதுதான் என்பது பிறகே தெரியவந்தது. அதுவரை அந்தப் படங்களின் கீழ் சேர்ந்திருந்த கருத்துகளும் விருப்பக் குறிகளும் பழைய முகவரிகளும் போயின. தவறு என்னுடையது, செயல்படுவதற்கு முன் மென்பொருள் எச்சரிக்கையும் காட்டியது, நான்தான் படிக்கவில்லை. ஒரு தளத்தைத் தேர்ந்தெடுக்கும் முன், அங்கே ஏற்றிய படத்தின் இடத்திலேயே புதிய பதிப்பை மாற்றிவைக்க முடியுமா, அந்த வசதி எந்த வகைக் கணக்குக்குக் கிடைக்கிறது என்று பார்த்துக்கொள்வது நேரடிப் பதிவேற்றம் செய்பவர்களுக்கு மிகவும் அவசியம். மாற்றம் சிறியது, மறுபடி ஏற்றத் தேவையில்லை என்று தோன்றினால், படத்தின் மேல் வலச்சொடுக்கு செய்து ‘நடப்பு நிலையில் உள்ளது’ என்று குறித்துவிடும் கட்டளை லைட்ரூமில் இருக்கிறது. அது தெரிந்திருந்தால் அந்த 300 படங்களும் தப்பியிருக்கும்.

இன்னொரு குறையும் உண்டு, அது நம் கையில் இல்லாதது. நேரடிப் பதிவேற்றம் தளம் திறந்துவைத்திருக்கும் ஒரு கதவை நம்பி நடக்கிறது. தளம் கதவைச் சாத்தினால் மென்பொருள் என்ன செய்தும் பயனில்லை. 2018 ஆகஸ்டில் ஃபேஸ்புக், பயனர் சார்பில் வெளி மென்பொருள்கள் பதிவிடும் அனுமதியை நிறுத்தியபோது, லைட்ரூமில் இருந்த ஃபேஸ்புக் இணைப்பும் செயலிழந்தது. அதற்கு முன்பு, 2016இல், கூகுள் பிகாசா மென்பொருளையும் அதன் இணைய ஆல்பங்களையும் சில மாத இடைவெளியில் கைவிட்டது. திருத்தும் மென்பொருளும் பகிரும் தளமும் ஒரே வீட்டில் இருந்தும் அந்தத் தொடர்பு நீடிக்கவில்லை. கூகுள் ஃபோட்டோஸும் 2025 மார்ச் இறுதியோடு வெளி மென்பொருள்களுக்கான அனுமதிகளைச் சுருக்கி, ஒரு மென்பொருள் தான் ஏற்றிய படங்களை மட்டுமே அணுக முடியும் என்ற நிலைக்குக் கொண்டுவந்தது. உலாவி வழிக்கு இந்த ஆபத்து இல்லை. தளம் உயிரோடு இருக்கும்வரை அதன் பதிவேற்றப் பக்கமும் இருக்கும். பழைய முறைக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய வாதங்களில் மிக வலுவானது இதுதான் என்று நினைக்கிறேன்.

தொடர்பு எங்கே சேமிக்கப்படுகிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். எந்தப் படம் எங்கே ஏற்றப்பட்டது என்ற கணக்கு முழுவதும் படங்களின் விவரங்களையும் திருத்தங்களையும் பதிந்துவைக்கும் லைட்ரூமின் கேட்டலாக் கோப்பில்தான் இருக்கிறது, படக்கோப்புகளில் இல்லை. கேட்டலாக்கை இழந்து, மூலப் படங்களை மட்டும் புதிய கேட்டலாக் ஒன்றில் சேர்த்தால், திருத்தங்கள், அவற்றைத் தனியே எழுதிவைக்கும் எக்ஸ்எம்பி கோப்புகளிலிருந்து திரும்பி வரலாம், வெளியீட்டுக் கணக்கு வராது. ஆகவே மூலப் படங்களுக்கு எத்தனை காப்பு நகல் வைத்திருக்கிறோமோ அத்தனை நகல் கேட்டலாக்குக்கும் வேண்டும். அதே காரணத்தால், நடுவில் முறை மாறுபவர்களுக்கு ஒரு தொல்லை காத்திருக்கிறது. முன்பு உலாவி வழியே ஏற்றிய படங்களைப் பற்றி மென்பொருளுக்கு எதுவும் தெரியாது. அவற்றை வெளியீட்டுத் தொகுப்பில் சேர்த்தால் புதிய படங்களாகவே கருதி மறுபடியும் ஏற்றும், தளத்தில் ஒவ்வொன்றும் இரண்டிரண்டாக நிற்கும். நான் பழையவற்றை அப்படியே விட்டுவிட்டு, மாறிய நாளுக்குப் பிறகு எடுத்தவற்றை மட்டுமே தொகுப்பில் சேர்த்தேன். தலைப்பு போன்ற விவரங்களைப் பொறுத்தவரை தொடர்பு ஒருவழிப் பாதை என்பதும் நினைவிருக்கட்டும்: தளத்துக்குப் போய் அங்கே தலைப்பைத் திருத்தினால் அந்தத் திருத்தம் லைட்ரூமுக்குத் திரும்பி வருவதில்லை.

அந்தரங்கம் குறித்த எச்சரிக்கை இரு முறைகளுக்கும் பொது என்றாலும், நேரடி முறையில் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் கோப்பைத் திறந்து பார்க்கும் இடைநிலையே அங்கு இல்லை. இட விவரத்தையும் ஆள் விவரத்தையும் நீக்கும் பெட்டிகளை வெளியீட்டு அமைப்பில் முதல் நாளே தேர்ந்தெடுத்துவிடுவது நல்லது. ஃபிளிக்கர் போன்ற தளங்களில் படத்தின் குறிச்சொற்கள் எல்லோரும் தேடக்கூடிய குறிச்சொற்களாகவே மாறிவிடும். என் வசதிக்காக ‘கடன் வாங்கிய லென்ஸ்’, ‘மறுபடி பார்க்க’ என்றெல்லாம் குறித்து வைத்திருந்தவை பொதுவெளியில் தொங்கியதைப் பார்த்த பிறகுதான், எக்ஸ்போர்ட்டில் சேர்க்க வேண்டாம் என்று ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் தனியாக அமைக்க முடியும் என்பதைத் தேடிக் கண்டுபிடித்தேன்.

ஒரே ஒரு படத்தை ஏற்ற வேண்டும் என்றாலோ, பிறர் கணினியில் அமர்ந்து வேலை செய்தாலோ, ஆல்பத்தின் வரிசையையும் ஒவ்வொரு படத்தின் விளக்கத்தையும் தளத்தில் வைத்தே எழுத விரும்பினாலோ உலாவி வழிதான் எளிது. நிகழ்ச்சிப் படங்களைக் கொடுத்து முடித்ததும் திரும்பிப் பார்க்காதவர்களும் தொடர்பு, கேட்டலாக் என்று எதையும் சுமக்க வேண்டியதில்லை.

இப்போது என் ஏற்பாடு இரண்டையும் கலந்தது. படத்தை இடத்திலேயே மாற்றிவைக்க அனுமதிக்கும் தளத்துக்கு நேரடியாக ஏற்றுகிறேன். மற்றத் தளங்களுக்காக, லைட்ரூமிலேயே இருக்கும் ‘ஹார்ட் டிரைவ்’ என்ற வெளியீட்டுச் சேவையைப் பயன்படுத்துகிறேன்: அது இணையத்துக்குப் பதிலாக என் வட்டிலுள்ள கோப்புறைக்கே வெளியிடுகிறது, திருத்திய படத்தை மறுபடி வெளியிட்டால் பழைய கோப்பின் மேலேயே எழுதுகிறது. அங்கிருந்து உலாவிக்கு இழுத்துப் போடும் கடைசி அடியை நானே வைக்க வேண்டியிருந்தாலும், கோப்புறையில் 4127க்கு இப்போது ஒரே கோப்புதான் இருக்கிறது.