அக்காவின் மார்புப் பட்டை: போலார் எச்10, ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்து நோய் திரும்பாமல் தடுக்கத் தரப்படும் தமாக்சிஃபென் மாத்திரை தொடங்கியிருந்த என் அக்காவுக்காக, இதயத்துடிப்பை அளக்கும் போலார் எச்10 மார்புப் பட்டையை வாங்கி ஓராண்டு ஆகிறது. இடது அக்குளில் நிணநீர் முடிச்சுகள் அகற்றப்பட்டிருந்ததால் அந்தக் கையில் இறுக்கமாக எதையும் கட்ட வேண்டாம் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். வலது கையில் கட்டிப் பார்த்த கைக்கடிகாரமோ, தோலில் ஒளியைப் பாய்ச்சி நாடியைக் கணிக்கும் வகை என்பதால், கை அசைந்தாலே எண்கள் தடுமாறின. கதிர்வீச்சு பட்ட தோல் நன்றாக ஆறி, மருத்துவர் சரி என்று சொல்லும்வரை பட்டையும் பெட்டியிலேயே கிடந்தது.

கருவியைப் பற்றி எனக்குக் குறையில்லை. இதயத்தின் மின் சமிக்ஞையை நேரடியாகப் பிடித்து, ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியை மில்லிவினாடிக் கணக்கில் தருகிறது, எச்.ஆர்.வி. எனப்படும் இதயத்துடிப்பு மாறுபாட்டைக் கணக்கிட அதுதான் தேவை. மின்முனைகளைத் தண்ணீரில் நனைத்துக் கட்ட வேண்டும். சி.ஆர். 2025 பட்டன் பேட்டரி 400 மணி நேரம் வரும் என்கிறது நிறுவனம்; பயன்படுத்திய பின் உணரியைப் பட்டையிலிருந்து கழற்றி வைப்பது அவசியம். அக்கா காலையில் எழுந்ததும், காப்பிக்கு முன், 5 நிமிடம் அசையாமல் அமர்ந்து அளப்பார். குறுகிய கால அளவீட்டுக்கு ஐரோப்பிய, வட அமெரிக்க இதயவியல் அமைப்புகளின் கூட்டுக்குழு 1996இல் பரிந்துரைத்த நேரம் அது. மூச்சின் வேகம் மாறினாலும், இதயத்துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிட்டாலும் எண் மாறும் என்பதால், ஒரு நாள் அளவை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

நான் இதை வாங்கியதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஓய்வில் எச்.ஆர்.வி. நன்றாக இருந்தால் மூளையிலிருந்து இதயம் முதலிய உள்ளுறுப்புகளுக்குச் சென்று துடிப்பைத் தணிக்கும் வேகஸ் நரம்பு சுறுசுறுப்பாக இருக்கிறது என்று பொருள் கொள்கிறார்கள். அந்த நரம்பு அழற்சியை அடக்குவதில் பங்கு வகிக்கிறது. அழற்சி மிகும்போது ரத்த வெள்ளணுக்கள் திசுக் காரணி என்ற புரதத்தை வெளிக்காட்ட, அது ரத்தம் உறையும் தொடர்வினையைத் தூண்டுகிறது. புற்றணுக்களும் அதே புரதத்தைத் தாமே உண்டாக்குவதுண்டு. போதாக்குறைக்குத் தமாக்சிஃபென்னும் காலின் ஆழ்சிரைகளில் (தசைகளுக்கிடையே ஆழமாக ஓடும் ரத்தக் குழாய்களில்) ரத்தம் உறையும் வாய்ப்பை இரண்டு மூன்று மடங்காக்குகிறது. மார்பகப் புற்றுநோய் முற்றிய 87 பெண்களை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வில், வேகஸ் செயல்பாடு கூடுதலாக இருந்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததாகத் தெரிந்தது. இத்தனையையும் ஒரே கோட்டில் சேர்த்து, எண் சரிந்தால் உறைவு வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும் என நானாகவே நம்பிக்கொண்டேன்.

ஏழாம் மாதத்தில் ஒரு நாள் காலை, பட்டையின் அளவீட்டை வாங்கி மதிப்பெண் போடும் ஒரு செயலி (அதன் பெயர் இங்கே வேண்டாம்) பச்சை நிறம் காட்டி, உடல் நன்கு தேறியிருக்கிறது என்று வாழ்த்தியது. அன்று மாலையே அக்காவின் வலது கெண்டைக்கால் வீங்கியிருந்தது. தொட்டால் சூடாகவும் இருந்தது. டாப்ளர் ஸ்கேனில் ஆழ்சிரையில் ரத்தக் கட்டி உறுதியானது. செயலியை நம்பி அவர் மறுநாள்வரை காத்திருந்தால் அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கக்கூடும். பட்டையைக் குற்றம் சொல்ல முடியாது. அது அளந்தது சரியான எண்தான். அந்த எண் நரம்பு மண்டலத்தின் நிலையைச் சொல்வது, சிரைக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்வதன்று. பலரைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரியும் ஒரு தொடர்பைக் கொண்டு ஒருவரின் ஒரு நாளைக் கணித்துவிட முடியாது என்பதை நான் அப்போதுதான் சரியாகப் புரிந்துகொண்டேன்.

நடைப்பயிற்சியில் துடிப்பு எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கவும், களைப்பு வாரங்களையும் தெளிந்த வாரங்களையும் ஒப்பிடவும் இந்தப் பட்டையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அறுவைத் தழும்பு பட்டை பதியும் இடத்தில் இருப்பவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். செயலியை அழித்துவிட்டோம். உறைவைச் சந்தேகிக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் வெல்ஸ் மதிப்பெண்ணில், முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. இறங்கி அளக்கும்போது ஒரு கெண்டைக்கால் மற்றதைவிட 3 செ.மீ.க்கு மேல் பருத்திருந்தால் அது ஓர் அறிகுறி. அதனால் அக்காவின் மேசையில் பட்டைக்குப் பக்கத்தில் இப்போது தையல் நாடா ஒன்றும் இருக்கிறது.