நேட், சிஜிநேட்: அம்பை வீட்டுப் பயன்பாட்டு அனுபவம்

அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்து சில வருடங்கள் ஆகின்றன. போன்கள், டிவி, லேப்டாப், நெல் களத்தைப் பார்க்கும் கேமராவின் டிவிஆர் (படத்தைப் பதிவு செய்யும் பெட்டி) எல்லாமே ஒரே ரவுட்டரில்தான். வேகத்தில் ஒரு குறையும் இல்லை. சிக்கல் வந்தது நேட் (NAT) விஷயத்தில். வீட்டுக் கருவிகள் எல்லாம் ஒரே பொது முகவரியில் இணையத்துக்குப் போக ரவுட்டர் செய்யும் முகவரி மாற்றம்தான் அது.

நம்ம ஊர் வளவு வீடு மாதிரிதான் நேட். தெருவுக்கு ஒரே வாசல், உள்ளே பல குடும்பம். என் போனுக்கு வீட்டுக்குள் 192.168.1.7 என்று ஒரு ஐபி, அதாவது முகவரி எண். 192.168 என்று தொடங்கும் எண்கள் வெளி இணையத்தில் செல்லாது. உள் உபயோகத்துக்கு என்று 1996-இன் ஆர்எஃப்சி 1918 என்ற இணைய விதி ஆவணம் ஒதுக்கி வைத்தவை அவை. போன் 51000 என்ற போர்ட்டிலிருந்து (கருவிக்குள் எந்த இணைப்பு என்று காட்டும் எண்) ஒரு தளத்தைக் கேட்டால், ரவுட்டர் அந்த ஐபியை எடுத்துவிட்டுத் தன் பொது ஐபியையும் 40312 என்பது போல ஒரு போர்ட்டையும் போட்டு அனுப்பும். இந்த ஜோடியைத் தன் டேபிளில் எழுதிக்கொள்ளும். பதில் 40312-க்கு வந்ததும் டேபிளைப் பார்த்து என் போனுக்கே தள்ளிவிடும்.

டேபிளில் வரி இல்லாமல் வெளியிலிருந்து வருவது உள்ளே நுழையாது. அதனால் ரவுட்டரின் 8000 போர்ட்டுக்கு வருவதை டிவிஆருக்கு அனுப்பச் சொல்லி போர்ட் ஃபார்வேர்டிங் போட்டிருந்தேன். சென்னையில் இருக்கும் தம்பி அப்படித்தான் களத்தைப் பார்ப்பான்.

பிசான அறுவடை, களத்தில் நெல் குவிந்து கிடக்கிறது, கேமரா வரவில்லை. கஸ்டமர் கேரில் ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னார்கள், அவ்வளவுதான். அப்புறம் ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்தால் வேன் ஐபி (ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி) 100.72 என்று தொடங்கியது. சரி, இது சிஜிநேட் (CGNAT), அதாவது இணைய நிறுவனமே வைக்கும் நேட். 100.64 முதல் 100.127 வரையிலான எண்கள் இதற்கென்றே 2012-இல் ஒதுக்கப்பட்டவை. பழைய முகவரி முறையான ஐபிவி4-இல் முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடிதான். போதாததால் நிறுவனம் தன் பக்கமும் ஒரு நேட் வைத்து, ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்கு போடுகிறது. அங்கே இருக்கும் டேபிளில் நான் ஒரு வரிகூட எழுத முடியாது. வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இப்படி மாற்றியது எனக்கு இன்றும் கோபம்தான்.

கூடுதல் பணம் கட்டி ஸ்டாட்டிக் ஐபி (எங்களுக்கே உரிய, மாறாத பொது முகவரி) வாங்கினேன், கேமரா வந்துவிட்டது. இப்போது டிவிஆரை வெளியே திறந்து வைப்பதில்லை. ரவுட்டரில் வயர்கார்டு என்ற விபிஎன் (சாவி உள்ளவர் மட்டும் நுழையும் தனி வழி) போட்டு, அதன் ஒரு போர்ட்டை மட்டும் விட்டிருக்கிறேன், இதுதான் பாதுகாப்பு. யூடியூப், வீடியோ கால் மட்டும் போதும் என்பவர்களுக்கு இந்தச் செலவு வேண்டாம், சிஜிநேட்டிலேயே அவை நன்றாக ஓடும்.

புதிய முகவரி முறையான ஐபிவி6-இல் ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி உண்டு, நேட் தேவையில்லை. எங்கள் இணைப்பில் அது வருகிறது, டிவிஆருக்குத்தான் ஐபிவி6 தெரியாது. அடுத்த டிவிஆரை அதைப் பார்த்துத்தான் வாங்குவேன்.