மலையகத்தின் ஈரத்தில் பழைய கைக்கருவிகள்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

ஹற்றன், டிக்கோயாப் பகுதியில் தளபாட வேலை செய்துவரும் நான், அன்றாடம் கையில் எடுக்கும் இழைப்புளிகளும் உளிகளும் பெரும்பாலும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்யப்பட்ட பழைய கருவிகளே. பெரிய தேயிலைத் தொழிற்சாலைகளோடு ஒரு பட்டறையும், அதில் கொழுந்து வாட்டும் தட்டுகள் முதல் பங்களா அலுமாரி வரை செய்யக்கூடிய ஒரு தச்சு பாஸும் இருந்த காலத்தில் இவை இங்கே வந்து சேர்ந்தன. 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992 இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளுக்குக் கைமாறியதற்கிடையில் அப்பட்டறைகளில் பல மூடப்பட்டன. எஞ்சிய கருவிகள் ஓய்வுபெற்ற தச்சர்களின் வீடுகளிலும் பழைய இரும்பு வாங்குபவர்களின் குவியல்களிலும் கிடக்கின்றன. அவற்றைத் தேடி வாங்கிச் சீர்செய்து, வேலைக்கே பயன்படுத்திவருவதில் பெற்ற அனுபவத்தை இங்கே எழுதுகிறேன்.

என்னிடம் அதிகம் உழைப்பது ரெக்கோர்ட் 05 இழைப்புளி. பதினான்கு அங்குல நீளமும் இரண்டு அங்குல அலகும் கொண்ட இதனைச் செய்த சி. அன்ட் ஜே. ஹம்ப்டன் நிறுவனம் 1931 இல் இழைப்புளி உற்பத்தியைத் தொடங்கியது. வடிவம் அவர்களுடையதன்று, அமெரிக்கரான லெனார்ட் பெய்லி வகுத்து, 1869 இல் ஸ்டான்லி நிறுவனம் உரிமை வாங்கிய அமைப்பே அது. ஆகவே ரெக்கோர்ட், ஸ்டான்லி ஆகியவற்றில் ஒன்றின் அலகையும் அதன்மேல் திருகிவைக்கும் மேல்தகட்டையும் மற்றொன்றில் பொருத்திக்கொள்ள முடிகிறது. உதிரிப்பாகம் கிடைக்காத ஊரில் இது பெரிய வசதி.

இதன் அருமை சவுக்குப் பலகையில்தான் தெரியும். தேயிலைக்கு நிழல்மரமாக நட்ட கிரேவிலியாவை, அதாவது நம் தோட்டங்களின் சவுக்கை, நரம்புக் கோலம் தெரியும்படி அறுத்தால் பார்க்க மிக அழகாக இருக்கும். ஆனால் சாதாரணமாக இழைத்தால் அந்த நரம்புகள் பெயர்ந்து பள்ளம் பள்ளமாகும். மேல்தகட்டின் முனையை அலகின் கூரிலிருந்து 0.2 மில்லிமீற்றர் அளவுக்கு நெருக்கி வைத்து இழைத்தால், சுருள் எழும்பும் இடத்திலேயே மடிக்கப்படுவதால், மரம் பெயர்வதற்கு முன் வெட்டப்பட்டுவிடுகிறது. அவ்வாறு இழைத்த பலகைக்குப் பிறகு சாண்ட் பேப்பர் தேய்க்க வேண்டியதேயில்லை. சவுக்குத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும் என்பதால், தூளுக்குப் பதிலாகச் சுருள் விழுவதும் ஒரு நன்மையே.

வாங்கும்போது துருவைக் கண்டு பின்வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மேலோட்டமான துரு, முறிந்த கைப்பிடி, உதிர்ந்த நிறம் ஆகியவை எல்லாம் சரியாகிவிடும். சரியாகாதவை வேறு. இழைப்புளியின் அலகைக் கழற்றிவிட்டு, உடலை நூலில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். நல்ல வார்ப்பு கணீரென்று ஒலிக்கும், விரிசல் கண்டது மந்தமாக ஒலிக்கும். விரிசல் பெரும்பாலும் அலகு வெளியே நீட்டும் வாயின் மூலையில் தொடங்கிப் பக்கச்சுவரில் ஏறும். திருகாணிகள் எல்லாம் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும், ஏனெனில் இவற்றின் மரைகள் கடையில் கிடைக்கும் சாதாரண அளவுகளோடு ஒத்துவருவதில்லை.

உளிகளில் ‘காஸ்ட் ஸ்டீல்’ என்ற முத்திரை இருந்தால் நான் தயங்காமல் வாங்குவேன். அது பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் 1740களில் உருவாக்கிய மூசை எஃகை, அதாவது மூசை எனும் களிமண் பாத்திரத்தில் உருக்கி வார்த்த எஃகைக் குறிக்கும். பழைய தடித்த உளியொன்றைச் சாணைக்கல்லில் தீட்டிக் கழுவினால், சரிவில் மங்கிய இளகிய இரும்பும் கூரருகே பளபளக்கும் கடின எஃகும் தனித்தனியே தெரியும். நடுவே மயிரிழை அளவு கோடு ஓடும். தீட்டுவதற்கு இளகியும் வெட்டுவதற்குக் கடினமாகவும் இருக்கும்படி இரண்டையும் காய்ச்சி ஒட்டிய வேலை அது. 1828 இல் தொடங்கிய மார்ப்பிள்ஸ் நிறுவனத்தின் உளிகளும் என்னிடம் உள்ளன. பலா மரத்தில் துளை வெட்டும்போது, அண்மையில் வாங்கிய மலிவு உளிகளை விட இவற்றின் கூர் நெடுநேரம் நிற்கிறது.

இனி ஈரம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும் மூடுபனியும் மாறி மாறி வரும் இந்த ஊரில், கருவியைப் பிடித்த விரலின் வியர்வை ஒரே இரவில் பழுப்பு அடையாளமாக மாறிவிடும். பத்திரிகைத் தாளில் சுற்றிவைப்பது பலரது வழக்கம்; தாள் ஈரத்தை உறிஞ்சி இரும்போடு சேர்த்து வைத்திருப்பதால், சுற்றாமல் விடுவதை விட அது கெடுதல். தேங்காய் எண்ணெய் நாளடைவில் கெட்டுவிடுகிறது. ஜப்பானியத் தச்சர்கள் பூசும் கமேலியா எண்ணெய் தேயிலையின் உறவுச் செடியின் விதையிலிருந்து வருவது. ஆயினும் தேயிலை நாட்டில் நமக்கு அது எளிதாகக் கிடைப்பதில்லை. தையல் மெஷின் எண்ணெயை மெல்லிய துணியால் துடைத்துப் பூசி, கருங்கல் சுவரோடு ஒட்டாத மூடிய அலுமாரியில் வைத்து, அதற்குள் சூடு தரும் பழைய இழை மின்குமிழ் ஒன்றை எரியவிடுவதே எனக்குப் பலன் தந்த முறை. உள்ளே வெப்பம் சற்று உயர்ந்தாலே ஈரம் இரும்பில் படிவதில்லை.

பிடித்துவிட்ட துருவுக்கு நீர் கலந்த வினாகிரி போதும். நெடுநேரம் ஊறினால் இரும்பின் முகமே அரித்துச் சொரசொரப்பாகும். எடுத்தவுடன் அப்பச்சோடா கரைத்த நீரில் கழுவி, அடுப்பருகே காயவைத்து, சூடு ஆறுமுன் எண்ணெய் பூச வேண்டும்.

கைவாள்களை மட்டும் நான் மிகவும் யோசித்தே வாங்குகிறேன். பல் தீட்டுவதற்கு ஏற்ற நுண்ணிய முக்கோண அரம் கிடைப்பது கடினமாகிவிட்டது. பற்களை இடமும் வலமுமாக ஒரே சீராக விலக்கிவிடத் தெரிந்த பாஸ்மாரும் அருகிவிட்டனர். தகடு நேராகவும் பற்கள் முழுமையாகவும் இருந்தால் ஸ்பியர் அன்ட் ஜாக்சன் வாளை எடுத்துக்கொள்வேன். மடிந்த தகட்டை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாங்குவதில்லை.